முதல் பரிவட்டம்

நைனார்பாளையத்தில் பஸ் நிற்கிறது. இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகச் சாலையில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். கல் பறந்து வருமோ என்று ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்கிறேன். எதிர் மளிகைக்கடை பாய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எல்லோருக்கும் தருகிறார்.

"பிரசிடெண்டுக்கு நின்னு தோத்தும் ஊருக்குத் தண்ணி குடுத்துக்கினு கீறாரு" என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர். "தேர் அன்னிக்கு மொத பரிவட்டம் பிரசிடெண்டுக்குத்தான். பாய் தலையில எப்டி கட்றதுன்னு ஜனம் ஓட்டே போடல."

பாய் சிரிக்கிறார். "பூசாரிக்கே கட்டிடுங்கன்னு சொல்லியிருப்பேங்க. ஒருத்தரும் என்னைக் கேக்கலையே."

எங்கள் ஊரிலும் ஒரு பாய் நின்று தோற்றார். சாமி குத்தமாகிவிடுமோ என்று பயந்து, டீக்கடையில் பரிவட்டப் பேச்சை முதலில் எடுத்தவன் நான்தான். அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்கிறார் பாய்.

குடித்த சொம்பைத் திருப்பி நீட்டிக்கொண்டே வேறு ஊர்ப் பெயரைச் சொல்கிறேன்.