எட்டுப் பல்லும் ஒரு கணவாய் நரம்பும்

பாம்பன் கரையில் யாக்கோபு என்றொரு வலைக்காரர் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பல்லிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முப்பத்திரண்டும் வெள்ளை வெளேரென்று வரிசை தப்பாமல் இருக்கும். அந்தப் பல்லால் அவர் செய்த முக்கியமான காரியம், கணவாய் மீனைக் கடிப்பது.

சிரிக்காதீர்கள். உயிரோடு வருகிற கணவாய் சும்மா கிடக்காது, மையைப் பீய்ச்சி அடிக்கும். கூடையில் இருக்கிற மீனெல்லாம் கறுத்துப்போனால் வியாபாரி பாதி விலைக்குக் கேட்பான். அதனால் வலையிலிருந்து எடுத்த கையோடு, இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கடி. அடங்கிவிடும். யாக்கோபின் அய்யா கடித்தார், அவருடைய அய்யாவும் கடித்தார், கூட்டாளி எட்வர்டும் கடிப்பான். யோசித்துச் செய்கிற வேலையா அது? கண் இமைக்கிற மாதிரி தானாக நடக்கும்.

யாக்கோபிடம் இன்னொரு சங்கதியும் இருந்தது. அது அவர் பெண்டாட்டி லீமாரோஸுக்கு மட்டும்தான் தெரியும். ஐம்பத்தைந்தாம் வருஷப் புயலில் வள்ளம் கவிழ்ந்து, ஒரு பலகையைப் பிடித்தபடி ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்தார். அன்றிலிருந்து வள்ளத்தில் கால் வைத்தால் முழங்கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடும். கடலைக் கண்டு பயப்படுகிற வலைக்காரன் அதை யாரிடம் போய்ச் சொல்வான்? கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தார். கரையில் ஒரு உத்தியோகம் கிடைத்தால் போதும் என்று அந்தோணியாருக்குத் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றினாள் லீமாரோஸ்.

அந்தோணியார் அனுப்பியவர் ராமசுப்பிரமணியன். சென்னையில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், மனுஷ மூளை எப்படி நினைக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடுகிறேன் என்று கிளம்பி, பாம்பனில் உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். மீன் வாடைக்குப் பயந்து, மூக்கில் கைக்குட்டை கட்டாமல் வெளியே வரமாட்டார். கையால் சுற்றுகிற கணக்கு மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு நாள் பூரா கடகடவென்று சுற்றுவார். மாவு விழும் என்று லீமாரோஸ் ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை.

அவருக்குக் கணவாய் வேண்டும், அதுவும் உயிரோடு. மற்ற பிராணிகளின் நரம்பு கண்ணுக்கே தெரியாதாம். கணவாயின் நரம்பு ஒன்று மட்டும் தையல் நூல் கனம் இருக்குமாம். அதில் ஊசியைச் செருகினால் நினைப்பு ஓடுவதைக் கோடாகப் பிடித்துவிடலாமாம்.

"நினைப்புன்னா என்ன சார்?" என்று கேட்டாள் லீமாரோஸ்.

"உப்புதாம்மா. உப்பு தண்ணியிலே கரைஞ்சதும் மின்சாரம் ஏறின துகளாப் பிரிஞ்சு நிக்கும். ஒரு துகள் நரம்புக்குள்ளே போகும், இன்னொண்ணு வெளியே வரும். அவ்வளவுதான் நினைப்பு."

லீமாரோஸ் கருவாடு விற்கிறவள். தன் கூடையைப் பார்த்துக்கொண்டாள். "அப்பக் கருவாட்டுக்கு எம்புட்டு நினைப்பு இருக்கும் சார்!"

ராமசுப்பிரமணியன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

செலவுக்குப் பணம் கொடுக்கிற சர்க்கார் பெரியவர்கள் மார்ச் மாசம் டில்லியிலிருந்து வருவார்கள். அதற்குள் ஒரு கோடாவது பிடித்துக் காட்டினால் கிட்டங்கி நிலைக்கும், ஓர் உதவியாள் வேலையும் நிரந்தரமாகும். அந்த வேலை யாக்கோபுக்கு. காட்டாவிட்டால் கிட்டங்கியைப் பூட்ட வேண்டியதுதான், யாக்கோபு சாகிற வரைக்கும் வள்ளம்தான்.

முதல் நாள் யாக்கோபு எட்டுக் கணவாய் கொண்டுவந்தார். எட்டும் செத்திருந்தன.

"கடிச்சியாப்பா?"

"இல்லைங்க சார், சத்தியமா இல்லை." வாயெல்லாம் மை. மனுஷர் பொய் சொல்லவில்லை, கடித்தது அவருக்கே தெரியாது.

மறுநாள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு போனார். துண்டோடு சேர்த்துக் கடித்திருந்தார். எட்வர்டை எடுக்கச் சொன்னார்கள், அவனும் கடித்தான். வேறு வள்ளத்துக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தார்கள். கரை முழுக்க வாய் கறுத்ததுதான் மிச்சம்.

ராமசுப்பிரமணியன் விடுவாரா? ஈரத்துணியைக் கணவாய் மாதிரி முடிந்து, தூரத்தில் நின்று யாக்கோபின் மேல் வீசினார். யாக்கோபு பிடித்தார், கடித்தார். ஒரு முறை அல்ல, நாற்பது முறை. சார் கையில் கடிகாரத்தோடு நேரம் குறித்துக்கொண்டே வந்தார். லீமாரோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெஷினை ஒன்றரை நாள் சுற்றி, சார் முடிவைச் சொன்னார்.

"கடிக்காதேங்கற உத்தரவு மூளையிலேர்ந்து கிளம்பி வாய்க்கு வர்றதுக்குள்ளே நீ கடிச்சு முடிச்சுடறே. கணக்குப்படி உன்னாலே முடியாதுப்பா."

யாக்கோபு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "வாயை நிறுத்த முடியாது லீமா. பல்லைத்தான் நிறுத்தணும்" என்றார். அவள் அந்த முப்பத்திரண்டு பல்லையும் ஒரு தரம் பார்த்தாள். ஆனால் அந்த முழங்கால் ஆடுவதைப் பார்த்தவள் அவள்தான். பல் பிடுங்கக் கருவாட்டுக் காசை எடுத்துக் கொடுத்தாள்.

கீழக்கரையில் சதக் என்பவர் குடை ரிப்பேரும் பார்ப்பார், பல்லும் பிடுங்குவார்.

"எந்தப் பல்லுண்ணே வலிக்குது?"

"ஒண்ணும் வலிக்கல. முன்னாடி மேல நாலு, கீழ நாலு எடுத்துருங்க."

"யா அல்லா! நல்ல பல்லை எதுக்குண்ணே எடுக்கணும்?"

"கணவாய்க்கு."

சதக் அவர் வாயைத் திறந்து ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். பிறகு பைத்தியத்திடம் எதற்கு வம்பு என்று பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார்.

ஒரு வாரம் கஞ்சியைக் குடித்துவிட்டு யாக்கோபு கடலுக்குப் போனார். கணவாய் வந்தது. கடித்தார். ஈறு வழுக்கியது. கணவாய் அவர் முகத்தில் மையை அடித்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் ஜம்மென்று நீந்தியது. இப்படி மூன்று. கிட்டங்கியில், கருவாட்டுக்குக் கணவாய் கீறியே பழகிய லீமாரோஸ் நகத்தால் ஒரு கீறு கீறி, இத்தனை நாளும் செத்த கணவாயில் சார் அறுத்து அறுத்துக் கெடுத்த நரம்பை ஒரே இழுப்பில் முழுசாக உருவிக் கொடுத்தாள். சார் ஊசியைச் செருகினார். கருவியில் கோடு துள்ளிக் குதித்து இறங்கியது. ராமசுப்பிரமணியன் கைக்குட்டையை அவிழ்த்தெறிந்துவிட்டு, மை வழிந்த யாக்கோபைக் கட்டிக்கொண்டு அழுதார்.

டில்லிப் பெரியவர்கள் வந்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், கைதட்டினார்கள். வேலை நிரந்தரமானது. இனி உடம்புச் சோதனை ஒன்றுதான் பாக்கி. சோதித்த டாக்டர் யாக்கோபை வாயைத் திறக்கச் சொன்னார். எட்டுப் பல் இல்லை. சர்க்கார் விதிப்படி தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பாவம் மனுஷன் என்று நீங்கள் வருத்தப்படுவதற்குள் மீதியையும் சொல்லிவிடுகிறேன். வேலை லீமாரோஸுக்குக் கிடைத்தது. நரம்பு உருவ அவளை விட்டால் ஆள் இல்லை, பல்லும் முப்பத்திரண்டு. மார்பில் மாட்டிக்கொள்ள சர்க்கார் முத்திரை போட்ட பித்தளை வில்லை கொடுத்தார்கள். கூடவே ஓர் உத்தரவும் வந்தது: தினம் நாலு கணவாய், உயிரோடு. அந்தக் கரையில் உயிரோடு கொண்டுவரக்கூடிய ஒரே ஆள் யார்? எட்வர்டையும் பல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "எனக்கு முறுக்கு திங்கணும்" என்று சொல்லிவிட்டான்.

யாக்கோபு வள்ளத்தின் பக்கத்தில் நின்றார். கடலை விட்டு ஏறுவதற்காகப் பல்லைக் கொடுத்தார், இப்போது அந்தப் பல் இல்லாததாலேயே தினமும் கடலுக்குப் போக வேண்டும். முழங்கால் ஆட ஆரம்பித்தது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். பல் போனதிலிருந்து அவர் சிரிப்பதே இல்லை.

அந்தக் கரையில் பொம்பளைகள் வள்ளம் ஏறுவதில்லை. லீமாரோஸ் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வில்லையோடு ஏறி உட்கார்ந்தாள்.

"சர்க்கார் கணவாய்க்கு நான்தான் பொறுப்பு. கூட வாரேன், ஏறுங்க."

ஏறினார். தொட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். கால் ஆடிய ஆட்டத்தில் தண்ணீர் தளும்பிச் சிந்திக்கொண்டே இருந்தது. சிந்தச் சிந்த அவள் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். வலை இழுத்தார்கள். பெரிய கணவாய் ஒன்று வந்து விழுந்தது. லீமாரோஸ் ஆசையாக இரண்டு கையாலும் அள்ளினாள். அவளும் அந்தக் கரையில் பிறந்தவள்தானே, அவள் அய்யாவும் வலைக்காரர்தானே. நறுக்கென்று கடித்துவிட்டாள்.

வாயெல்லாம் மையோடு திருதிருவென்று விழித்த சர்க்கார் உத்தியோகஸ்தியைப் பார்த்ததும் யாக்கோபுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. ஈறு முழுக்கத் தெரியச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வள்ளம் கரை தட்டி, தொட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதி மணல் நடந்த பிறகுதான், திரும்பி வருகிற வழியெல்லாம் முழங்கால் ஆடவே இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.