திமிங்கலத்தின் வாசலில் நம்பர் அக்கா

உணவகம் திறந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. கணவர் திருமணமான நான்காம் வருடம் இறந்துபோனார். குழந்தை இல்லை. தம்பி வீட்டில், சமையலறையை ஒட்டிய சிறிய அறையில் இருந்தார். அதற்கு முன் பதினொரு வருடம் ஒரு பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. வண்டி ரத்து என்று அவர் சொன்னால்கூட ஜனங்களுக்குக் கோபம் வராது என்பார்கள். அப்படி ஒரு குரல்.

அந்தக் குரலுக்காகத்தான் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள் அவரை அழைத்து வந்தார்கள். பூங்காவின் நடுவே சிமென்டில் அறுபத்திரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு திமிங்கலம் கட்டியிருந்தார்கள். அதன் வயிற்றுக்குள் முப்பத்தாறு மேசைகள். 'கடலுக்கு அடியில் ஒரு விருந்து' என்று பேருந்துகளின் முதுகிலும் தொலைக்காட்சியிலும் மூன்று மாதம் விளம்பரம் ஓடியது. திறந்த அன்று பூங்காவின் வாசல்வரை வரிசை நின்றது.

நான் அதே பூங்காவில் பதிவேட்டு அறையில் வேலை பார்த்தேன். ராட்டினங்களின் சோதனைக் குறிப்பு, தண்ணீர்ச் சறுக்கின் நீர் மட்டம், உணவகத்தின் டோக்கன் பதிவு, புகார்ப் பெட்டியில் விழும் சீட்டு எல்லாம் மாலையில் என் மேசைக்கு வந்துவிடும். அதனால் அந்தத் திமிங்கலத்தின் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. சராசரிக் காத்திருப்பு இரண்டு மணி ஐந்து நிமிடம். சூப் ஆறியிருந்தது என்று முதல் வருடத்தில் மட்டும் எழுநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். நீல விளக்கு வெளிச்சத்தில் ரொட்டி பூஞ்சை பிடித்ததுபோல் தெரிகிறது என்று நாற்பது. நாற்பது நிமிடம் ஆனதும் மணியடித்து எழுப்பிவிடுவார்கள். அலையோசை இயந்திரத்தில் பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கடற்பறவை கத்தும். கடலுக்கு அடியில் பறவைக்கு என்ன வேலை என்று ஒருவர் எழுதிப் போட்டிருந்தார். இன்னொருவர் எழுதியது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: 'மூன்று மணி நேரம் காத்திருந்தோம். திமிங்கலம் எங்களைத் தின்றிருந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும்.'

இத்தனை புகாரிலும் நம்பர் அக்காவைப் பற்றி ஒன்றுகூடக் கிடையாது. திமிங்கலத்தின் திறந்த வாயில், கீழ்ப்பல் வரிசைக்குப் பின்னால் அவருடைய மேசை. வருகிறவர்களுக்கு எண் பொறித்த வட்டமான பிளாஸ்டிக் டோக்கனைக் கொடுப்பார். மேசை காலியானதும் எண்ணை விசைப்பலகையில் தட்டி, ஒலிபெருக்கியில் கூப்பிடுவார். ஒவ்வொரு முறை தட்டும்போதும் உள்ளே ஒரு காகிதச் சுருளில் எண்ணும் நேரமும் வினாடி சுத்தமாக அச்சாகும். விதி இதுதான்: ஒரு எண்ணை மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று நிமிடம் விட வேண்டும். அதற்குள் ஆள் வராவிட்டால் டோக்கன் ரத்து; மேசை அடுத்தவருக்கு.

இரண்டாம் வருடம் ஏப்ரல் கடைசியில் மாதக் கணக்கை ஒத்துப் பார்த்தபோது ஓர் எண் இடித்தது. மார்ச் பதினெட்டிலிருந்து இருநூற்றுப் பதினான்கு என்ற டோக்கன் யாருக்கும் வழங்கப்படவில்லை. இருநூற்றுப் பதின்மூன்றுக்குப் பிறகு நேராக இருநூற்றுப் பதினைந்து. டோக்கன் தொலைந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் காகிதச் சுருளில் அந்த எண் இருந்தது. தினமும், மூன்று முறை, மும்மூன்று நிமிட இடைவெளியில். கொடுக்காத டோக்கனை ஒருவர் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் உணவு வேளை முடிந்த பிறகு போனேன். பரிமாறுகிறவர்கள் இரண்டு பேர் வாசலில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இருநூத்திப் பதினாலா? அது பேய்க்குப் போட்ட டோக்கன் அண்ணே" என்றான் ஒருவன்.

"பேயாவது நிம்மதியா சாப்பிடட்டும்னு அக்கா கூப்பிடுது" என்றான் மற்றவன். "ஆனா பேய் உஷார். நம்ம சூப்பப் பத்தி அதுக்கும் தெரிஞ்சிருக்கு. வரவே மாட்டேங்குது."

நம்பர் அக்கா சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து அந்த டோக்கனை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ரெக்கார்டு அண்ணே, தப்புன்னா எழுதிக்கோங்க. நான் இத வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"ஏம்மா?"

சொன்னார். மார்ச் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. சக்கர நாற்காலியில் ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு அவள் கணவன் வந்தான். தலையில் முடியில்லாமல் துணி கட்டியிருந்தாள். மருத்துவமனைத் தொலைக்காட்சியில் இந்தத் திமிங்கலத்தைப் பார்த்து, ஒரு வேளையாவது அதற்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். பிறகு அவன் மேசையருகே வந்தான். 'பாத்ரூம் கூட்டிட்டுப் போறேன்க்கா. இதோ பின்னாடிதான். கூப்பிட்டா கொஞ்சம் பாத்துக்கோங்க' என்றான். இவர் 'சரிங்க, போய்ட்டு வாங்க' என்றார்.

"அவங்க அந்தப் பக்கம் போனதும் மேசை காலியாயிடுச்சு. மேனேஜர் இங்கயே நின்னு கையச் சுழட்டுறார், சீக்கிரம் சீக்கிரம்னு. நானும் கூப்பிட்டேன். மூணு தடவை கூப்பிட்டேன் அண்ணே. அடுத்த நம்பர உள்ள விட்டுட்டேன்."

"திரும்பி வந்தாங்களா?"

"வந்தாங்க. ரத்தாயிடுச்சு, மறுபடியும் டோக்கன் வாங்கணும்னு நான்தான் சொன்னேன். இதே வாயால. அவருக்கு முகமே மாறிப்போச்சு. அந்தம்மா அவர் கையப் பிடிச்சு, 'விடுங்க, திமிங்கலமே நம்மள வேணாம்னு துப்பிடுச்சு'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. டோக்கன இங்க வச்சுட்டுப் போய்ட்டாங்க." பிறகு, கேட்காமலே மறுபடியும் சொன்னார்: "மூணு தடவை கூப்பிட்டேன்."

அன்று மாலை மார்ச் பதினேழின் சுருளை எடுத்துப் பிரித்தேன். இருநூற்றுப் பதினான்கு: மணி 2.31, எட்டு வினாடி. 2.31, இருபத்தேழு வினாடி. 2.31, நாற்பத்தொன்பது வினாடி. முதல் அழைப்புக்கும் மூன்றாம் அழைப்புக்கும் நடுவே நாற்பத்தொரு வினாடி. விதிப்படி ஆறு நிமிடம் இருந்திருக்க வேண்டும்.

சுருளைச் சுற்றி அதன் இடத்தில் வைத்தேன். மாத அறிக்கையில், 'எண் 214 வழங்கப்படவில்லை. அழைக்கப்படுகிறது' என்று எழுதினேன். அதை மேலே யாரும் படிக்கவில்லை, அல்லது படித்தும் கேட்கவில்லை. நம்பர் அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு அவர் மாறினார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போனேன். தம்பி மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"முன்னாடியெல்லாம் அண்ணி சாப்பிடக் கூப்பிட்டா ஒரு தடவைதான். வந்தா வா, வராட்டி போ. இப்ப தட்டு முன்னாடி நாங்க எல்லாரும் உக்கார்ற வரைக்கும் விடமாட்டாங்க. குளிச்சிட்டிருந்தா கதவுகிட்ட நின்னு கூப்பிடுறாங்க. உங்க தம்பி காது கேக்காதவரான்னு பக்கத்து வீட்டுல கேக்குறாங்கன்னா பாத்துக்கோங்க."

உள்ளேயிருந்து நம்பர் அக்காவின் குரல் வந்தது: "யாரு வந்திருக்கா? ஏன் வாசல்லயே நிக்க வச்சிருக்க? உள்ள வரச்சொல்லு." நான் செருப்பைக் கழற்றுவதற்குள் இன்னும் இரண்டு தடவை வந்தது.

உணவகம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஐந்தாம் வருடத்தில் வால் பக்கத்து மேசைகளை மூடினார்கள். கூரையில் விரிசல் விட்டு, மழைக்குத் திமிங்கலம் உள்ளுக்குள்ளேயே ஒழுகியது. எட்டாம் வருடத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு நூறு டோக்கன் போனாலே பெரிது. அப்போதும் சுருளில் தொண்ணூற்றாறுக்கு அடுத்து இருநூற்றுப் பதினான்கு வரும். அறுபத்தொன்றுக்கு அடுத்து இருநூற்றுப் பதினான்கு வரும். வெற்று வரிசையைப் பார்த்து அந்தக் குரல் கூப்பிடுவது ராட்டினம்வரை கேட்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த நேரத்தில் கழிவறை இருக்கும் வால் பக்கம் போக மாட்டார்கள். யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்பார்கள். விளையாட்டாகச் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. எனக்கும் அந்த ஆறு நிமிடம் பேனா ஓடாது.

பதின்மூன்றாம் வருடம் ஜனவரி முப்பத்தொன்றோடு உணவகத்தை மூடுவதாக அறிவிப்பு வந்தது. இருபத்தொன்பதாம் தேதி நம்பர் அக்கா என் அறைக்கு வந்தார். அத்தனை வருடத்தில் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார்.

"பழைய சுருளெல்லாம் அஞ்சு வருஷத்துல எரிச்சிடணும்னு ரூல்ஸ் இருக்காமே?"

"இருக்கு. நான் எரிக்கல."

"அப்போ அன்னைக்குச் சுருள் இருக்கும்."

"இருக்கு."

நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "எவ்வளவு நேரம் விட்டு விட்டுக் கூப்பிட்டேன்னு பாத்துச் சொல்லுங்க அண்ணே. கூட்டிக் குறைக்காம."

அதைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனாலும் எடுத்து, பிரித்து, அவர் முன்னால் வைத்து வாசித்தேன். "நாற்பத்தொரு வினாடி."

அவர் அந்த மூன்று வரியையும் விரல் வைத்துப் படித்தார்.

"ஒரு நிமிஷம்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "பத்தொம்பது வினாடி எனக்கு நானே சேத்துக் குடுத்திருக்கேன்." பிறகு தலை நிமிர்ந்தார். "இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீ சொன்ன அன்னைக்குச் சாயங்காலமே. பத்து வருஷம், ஒம்பது மாசம் ஆச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையேம்மா."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களா?"

சுருளைச் சுற்றினேன். அது கோணலாகச் சுற்றிக்கொண்டது. பிரித்து மறுபடியும் சுற்ற வேண்டியிருந்தது.

கதவருகே போய் நின்று அவர் கேட்டார்: "அந்த பாத்ரூம்லருந்து என் மேசைக்கு நாற்காலியத் தள்ளிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? ஓடாம, நோயாளிய வச்சுத் தள்ளுற மாதிரி. நீங்கதான் எல்லாத்தையும் அளக்குறவராச்சே. அளந்து சொல்லுங்க. ஆறு நிமிஷம் குடுத்திருந்தா வந்திருப்பாங்களான்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

முப்பத்தொன்றாம் தேதி, புதன்கிழமை. கடைசி டோக்கன் முப்பத்தெட்டு. மாலை ஐந்து மணிக்குக் கடைசிக் குடும்பமும் மணியடிக்காமலே எழுந்து போனது. முதலுதவி அறையிலிருந்து சக்கர நாற்காலி ஒன்றை வாங்கிக்கொண்டு நான் கழிவறை வாசலில் போய் நின்றேன். இருக்கை காலியாக இருந்தால் வண்டி வேகமாக ஓடும் என்று என் பழைய பதிவேடுகளில் பதினான்கை அதில் அடுக்கியிருந்தேன். ஐந்து ஐந்துக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.

"டோக்கன் எண் இருநூற்றுப் பதினான்கு. தங்கள் மேசை தயாராக உள்ளது."

கையிலிருந்த நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தினேன். தள்ளத் தொடங்கினேன். கழிவறைப் படியோரச் சரிவில் மெதுவாக இறங்க வேண்டியிருந்தது. திமிங்கலத்தின் வயிற்றை ஒட்டிய பாதையில் கற்கள் பெயர்ந்திருந்தன. ஒரு சக்கரம் மாட்டிக்கொண்டது. உள்ளே அலையோசை கேட்டுக்கொண்டே இருந்தது. திமிங்கலத்தின் துடுப்பருகே வரும்போது இரண்டாவது அழைப்பு வந்தது. மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று அர்த்தம். நாற்காலி கனமாக இருந்தது. பதினான்கு பதிவேட்டின் கனம் அல்ல அது என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை எந்தப் பதிவேட்டிலும் நான் எழுதவில்லை.

வாய்ப்பக்கம் திரும்பியபோது பரிமாறுகிறவர்கள் நான்கு பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். யாரும் கேலி பேசவில்லை. மேசையருகே வந்து நாற்காலியை நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நாலு நிமிஷம் பத்து வினாடி" என்றேன்.

அவருடைய விரல் விசைப்பலகைமேல் இருந்தது. மூன்றாவது அழைப்புக்கு இன்னும் ஒரு நிமிடம் ஐம்பது வினாடி இருந்தது.

நம்பர் அக்கா விரலை எடுத்தார். எழுந்து வந்து, வரிசையை மறித்திருந்த கயிற்றின் கொக்கியைக் கழற்றினார். நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

"வந்துட்டீங்களா? வாங்கம்மா, வாங்க. ரொம்ப நேரம் காக்க வச்சுட்டேன்."

ஒருவன் விலகி வழிவிட்டான். இன்னொருவன் உள்ளே ஓடி, ஒரு மேசையிலிருந்து சாதாரண நாற்காலியை எடுத்துச் சக்கர நாற்காலிக்கு இடம் செய்தான். நான் தள்ளிக்கொண்டு போனேன். நீல வெளிச்சத்தில் என் கைகள் வேறு யாருடையவோபோல் தெரிந்தன. தலைக்குமேல் அந்தக் கடற்பறவை ஒருமுறை கத்தியது.

அந்தச் சுருள் என்னிடம் இருக்கிறது. கடைசி வரிகள் இரண்டு: இருநூற்றுப் பதினான்கு, மணி 5.05. இருநூற்றுப் பதினான்கு, மணி 5.08. அதற்குக் கீழே காகிதம் வெறுமையாக இருக்கிறது.