அணில் கடித்த கொய்யா

இன்று சித்தேரி பஸ்ஸில் நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அரூரில் விற்றது போக மீந்த பழங்களோடு எங்கள் ஊர் கொய்யாக்கார அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடையில் துழாவி, பல் பட்ட பழம் ஒன்றைக் கொடுத்தார்.

“அணில் கடிச்சதுதான் கண்ணு இனிக்கும். தின்னு.”

எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் தேடித் தின்போம். உண்மையிலேயே இனித்தது.

டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்டக்டர் கேட்டார்: “பாப்பா, கடிச்சது அணிலா, வவ்வாலா? கேரளாவுல நிபா காய்ச்சல் வவ்வால் கடிச்ச பழத்துலயும் பரவுதாம். வந்தா பொழைக்கிறதே கஷ்டமாம்.”

கடைசி வாயை விழுங்கியிருந்தேன். முன் சீட்டுக்காரர் மெல்ல ஜன்னலோரம் நகர்ந்தார்.

அக்கா சிரித்தார். “கொரோனா வந்தப்ப கோழி தின்னாதீங்கன்னாங்க. தின்னோம், செத்தா போனோம்? சும்மா யாவாரத்தைக் கெடுக்காதீங்க சார்.”

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இறங்கும்போது அக்கா என் காதருகே குனிந்தார். “காய்ச்சல் கீய்ச்சல் வந்தா எங்க வூட்டுக்குச் சொல்லி அனுப்பு கண்ணு. காலையில எம் பொண்ணுக்கும் கடிச்சதாப் பாத்துதான் ஒண்ணு கொடுத்தேன்.”

அப்போது அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நெற்றியை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

அணில் பல்லுக்கும் வவ்வால் பல்லுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பழத்தின் படம் கேட்காதீர்கள், அது என் வயிற்றில் இருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள். அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.