பேரம் கெடுக்கும் ரேலீன்

வாசலில் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ரேலீன் ஹாக்கெட் வெறுங்காலோடு வீட்டுக்குள் போகிறார். இடுப்புப் பையிலுள்ள கருவிகள் எதையும் இன்னும் தொடவில்லை. சுவரை ஒட்டியபடி ஒவ்வோர் அறையாக, குதிகாலை முதலில் ஊன்றி, மெதுவாக நடக்கிறார். பலகைத் தரை எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே ஒரு மயிரிழை அமுங்குகிறது என்பது அவருடைய பாதங்களுக்குத் தெரியும். சலவை அறைப் பக்கம் வந்ததும் நின்றுவிடுகிறார். "என்னடி மறைக்கிற?" என்று கேட்கிறார். வீட்டைத்தான் கேட்கிறார்.

வயது அறுபத்தொன்று. ஆஸ்திரேலியாவில் எங்கள் இப்ஸ்விச்சில் முப்பது வருடம் தச்சுவேலை பார்த்தவர். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி ஏணி ஏற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும், வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துச் சொல்லும் உரிமம் எடுத்துக்கொண்டார். ஏணிதான் ஏற வேண்டியதில்லை. எங்கள் ஊர் மரவீடுகள் எல்லாம் குட்டைத் தூண்கள் மேல் நிற்பவை என்பதால், இப்போது தரைக்கு அடியில் அதே முழங்காலோடு தவழ்கிறார். "டாக்டர் படுக்கச் சொன்னார், நான் படுத்துக்கிட்டேதான் வேலை செய்யறேன்" என்பார்.

சோதிக்கப் போன வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கோடையில் தகரக்கூரை கொதிக்கும்போதுகூட, தெருவில் நிற்கும் தன் வண்டிக்குப் போய்த்தான் குடிப்பார். "ஒரு பிஸ்கட்டைத் தின்னுட்டா வாய் ஒரு பிஸ்கட் அளவுக்கு மூடிக்கும்" என்று அதற்கு விளக்கம். மற்றவர்கள் அறுபது பக்கம் எழுதும் அறிக்கையை அவர் இரண்டு பக்கத்தில் எழுதுவார். 'மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது.' 'படிக்கட்டு ஆளைத் தள்ளிவிடும்.' 'வாங்கினால் அழுவீர்கள்.' கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லி உரிமம் கொடுக்கும் அலுவலகம் ஒருமுறை கடிதம் போட்டது. அதற்குப் பிறகு, 'வாங்கினால் வருந்த நேரிடும்' என்று மாற்றிக்கொண்டார்.

வீட்டுத் தரகர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பேரம் கெடுக்கிறவ'. அவர் பெயரைக் கேட்டால் சாவி கிடைக்காது, குடியிருப்பவர் ஊரில் இருக்க மாட்டார், நாய்க்கு உடம்பு சரியிருக்காது. ரேலீன் இதற்கெல்லாம் அசைவதில்லை. "நானா கொன்னேன்? செத்துக் கிடந்ததைச் செத்துக் கிடக்குன்னு சொன்னேன்."

எனக்கு அவரைத் தெரிந்தது தாமதமாக. அது என் கெட்ட நேரம் அல்ல, என் முட்டாள்தனம். ஆறு வருடம் முன்பு நான் வீடு வாங்கியபோது தரகன் ஒரு அட்டையைக் கையில் கொடுத்தான். வக்கீல், வீட்டைச் சோதிப்பவர், கடன் ஏற்பாடு செய்பவர் என்று மூன்று பெயர்கள். "எல்லாரும் நம்ம ஆளுங்க சார், நீங்க அலைய வேண்டாம்" என்றான். நானும் அலையவில்லை. 'நம்ம' என்றால் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எட்டாவது மாதம் குளியலறைத் தரை என்னையும் தூக்கிக்கொண்டு ஓரடி கீழே இறங்கியது. துண்டோடு நின்ற என்னை வெளியே இழுக்க வந்தவர்களில் ஒருவர்தான் நான்கு வீடு தள்ளிக் குடியிருந்த ரேலீன். இழுத்துப் போட்டுவிட்டு அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"உன் வீட்டைச் சோதிச்சவனுக்கு யாரு காசு கொடுத்தான்னு பாக்காத. நீதான் கொடுத்த. இவனுக்கு அடுத்த வேலை யாரு கொடுப்பான்னு பாரு."

இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நான் ஆறு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்க மாட்டேன். நான் முதியோர் இல்லத்தில் சமையல்காரன். அங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டி, தூக்கி உட்கார வைக்கும் வேலையில் இருக்கும் செஃபீனாவிடம் போன மாதம் இதைச் சொன்னேன். அவளும் வீடு வாங்கிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம் இரவு ஷிப்டும் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டும் பார்த்துச் சேர்த்த முன்பணம் அது. சமோவாவிலிருந்து வந்து அவளோடு இருக்கும் அப்பா பாவுலோவுக்கு ஓர் அறை, மூன்று பிள்ளைகளுக்கு இரண்டு அறை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது. சோதனையில் குறை தெரிந்தால் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விலகிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வீடு அவள் தலையில்.

"சோதிச்சாச்சு அண்ணே. ப்ரோடி ஆள் அனுப்பினார். ஒரு குறையும் இல்லையாம்" என்றாள்.

ப்ரோடி அந்த வீட்டை விற்கும் தரகன். அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். அறுபத்துநான்கு பக்கம். மின்விசிறிக்கு மட்டும் பதினொரு படம். வீட்டுக்கு அடிப்பகுதி பற்றி ஒரே வரி: 'தாழ்வான இடம். அணுக இயலவில்லை.' என் அறிக்கையிலும் அதே வரிதான் இருந்தது.

ரேலீனைக் கூப்பிடலாம் என்றதும் செஃபீனா பதறிப் போனாள். காரணம் கேட்டால் அவமானம் என்கிறாள். ப்ரோடி அவர்களுடைய தேவாலயத்துக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். போகும்போது பாவுலோ அவனுக்கு ஒரு மெல்லிய பின்னல் பாயைப் போர்த்தி அனுப்பியிருக்கிறார். அந்தப் பாயைக் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் எடுப்பார்கள். அப்படித் தாங்களே மரியாதை செய்து அனுப்பிய ஒருவன் மேல் வேறு ஆளை ஏவி வேவு பார்ப்பதா என்பது அவள் கேள்வி. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைப்பவனைப் பற்றி நமக்குப் பழமொழி உண்டு. சோறு போட்டவளே கூசிப்போய் நிற்பதற்கு என்ன பழமொழி இருக்கிறது?

என் குளியலறைத் தரை கதையைச் சொன்ன பிறகுதான் அரைமனதாக ஒப்புக்கொண்டாள். ரேலீன் பெயரைச் சொல்லாமல் கேட்டும், வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குத்தான் சாவி கிடைத்தது. செஃபீனா வேலைச் சீருடையோடு ஓடிவந்தாள். வாசலில் பூட்ஸைக் கழற்றிய ரேலீனைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. செருப்போடு வீட்டுக்குள் போகாதவர்கள் அவர்கள்.

சலவை அறையில் நின்று வீட்டை அதட்டிய பிறகு ரேலீன் வெளியே வந்து, அடிப்பகுதியை மறைக்கும் பக்கவாட்டு மரச்சட்டத் தட்டியின் நான்கு திருகாணிகளைக் கழற்றி, அடியில் நுழைந்தார். பத்து நிமிடம் சத்தமே இல்லை. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கண்ணு, இங்க வா."

"நானா ஆன்ட்டி? யூனிஃபார்ம்ல இருக்கேன்."

"துவைச்சுக்கலாம். வா."

செஃபீனா தவழ்ந்து போனாள். நான் தட்டி ஓரத்தில் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேலீன் வெளிச்சம் அடித்துத் தரையைக் காட்டினார். காய்ந்த செம்மண்ணில் வரிவரியாகத் துடைப்பக் கோடுகள்.

"இது என்னன்னு தெரியுதா?"

"கூட்டியிருக்காங்க."

"வீட்டுக்கு அடியில மண்ணை யாரு கண்ணு கூட்டுவா? இங்க யாரு விருந்துக்கு வரா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கறையான் தூண் வழியாக மேலே ஏறும்போது மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு போகும். அந்தக் குழாய்களைச் சுரண்டி எடுத்து, விழுந்த மண்ணைக் கூட்டி அள்ளிவிட்டு, தூண்களுக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்டுக்கு அடியில் குழாய் ஓடிய தடம் நரம்பு மாதிரி புடைத்துக்கொண்டு தெரிந்தது. அணுக இயலவில்லையாம்! துடைப்பத்தோடு ஒருவன் அணுகியிருக்கிறான், பெயின்ட் டப்பாவோடு ஒருவன் அணுகியிருக்கிறான், சோதிக்கக் காசு வாங்கியவன் மட்டும் அணுகவில்லை.

ரேலீன் திருப்புளியை எடுத்து மேலே ஓடிய உத்தரத்தில் வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் போயிற்று. உருவிவிட்டு, "உன் கட்டை விரலை வை" என்றார்.

செஃபீனா வைத்தாள். அவள் விரல் நகம் மறைய உள்ளே இறங்கியது. அவள் விரலை எடுக்காமலேயே, "இதுக்கு மேலதானே அப்பா ரூம்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அவர் நூத்திப் பத்து கிலோ ஆன்ட்டி."

வெளியே வரும்போது ப்ரோடி வந்துவிட்டிருந்தான். வெள்ளைக் கால்சட்டை, வாசனை, கையில் ஃபோன். யார் சொன்னார்களோ.

"என்ன ரேலீன், இன்னும் ரிட்டயர் ஆகலையா? செஃபீனா, இவங்க பேச்சைக் கேட்டு எத்தனை குடும்பம் இன்னும் வாடகை வீட்லயே கெடக்கு தெரியுமா? பழைய வீடுன்னா அங்கங்க கொஞ்சம் இருக்கும். நம்ம ஆள் முழுசாப் பாத்துட்டுத்தானே எழுதிக் கொடுத்தார்?"

ரேலீன் தலைமயிரிலிருந்த சிலந்திவலையைத் துடைத்துக்கொண்டார். "அப்படியா தம்பி? உன் ஆள் எந்த எடத்துல படுத்துப் பாத்தான்னு வந்து காட்டு. நானும் கூட வரேன். வா."

தட்டி திறந்தே இருந்தது. ப்ரோடி அந்த ஓட்டையைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் கால்சட்டையைப் பார்த்தான். "எனக்கு மூணு மணிக்கு இன்னொரு பார்ட்டி இருக்கு" என்றான். செஃபீனா அவனை அப்போது பார்த்த பார்வையை நான் எங்கள் இல்லத்தில் பார்த்திருக்கிறேன். இனி மகன் வரமாட்டான் என்று புரிந்துபோன கிழவர்கள் அப்படித்தான் கதவைப் பார்ப்பார்கள்.

அதோடு முடியவில்லை. செஃபீனாவின் வக்கீலும் ப்ரோடி அவளுக்குக் கொடுத்த அதே மாதிரி அட்டையில் இருந்தவர்தானே! அலுவலகத்துக்கு ஃபோன் செய்தால், சார் மீட்டிங்கில் இருக்கிறார், நாளை காலை பேசுவார் என்கிறாள் அங்கிருந்த பெண். நாளை காலை பேசி என்ன செய்ய? கருமாதிக்கா பேச? நான் கத்திவிட்டேன். ரேலீன் கத்தவில்லை. வண்டியின் முன்மூடி மேல் காகிதத்தை வைத்து இரண்டு பக்க அறிக்கையை எழுதி, கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து செஃபீனாவின் ஃபோனுக்கு அனுப்பினார்.

"ஃபோன்ல பேசாத கண்ணு. பேசினது காத்துல போயிடும். டைப் பண்ணு. 'இந்த அறிக்கைப்படி நான் விலகறேன். அஞ்சு மணிக்குள்ள விக்கிறவங்களுக்கு நோட்டீஸ் அனுப்புங்க. அனுப்பலைன்னா அது உங்க பொறுப்பு.' அவ்வளவுதான். 'தயவுசெஞ்சு'ன்னு போடாத."

செஃபீனா ஒரு 'தயவுசெஞ்சு' போட்டாள். வளர்ப்பு அப்படி. ஆனால் அனுப்பினாள். மணி மூன்று நாற்பது. 'உங்க பொறுப்பு' என்ற சொல் மீட்டிங்குக்குள் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. நான்கு ஐம்பத்திரண்டுக்கு நோட்டீஸ் போய்விட்டதாகப் பதில் வந்தது. செஃபீனா சாலை ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். பணம் பிழைத்ததற்காக இல்லை. "அப்பாகிட்ட பாயைப் பத்தி என்ன ஆன்ட்டி சொல்றது?" என்றாள்.

"சொல்லு, நாம கொடுத்தது நல்ல பாய், வாங்கினவன் சரியில்லைன்னு."

சனிக்கிழமை அதே வீட்டை மறுபடி திறந்து காட்டினார்கள். விளம்பரத்தில் 'புதிதாக வண்ணம் பூசப்பட்டது' என்று இருந்தது. எனக்குப் பொறுக்காமல் போய் நின்றேன். பதினைந்து பேர் வரிசையில் இருந்தார்கள். வாசலில் ப்ரோடி பெயர் எழுதிக்கொண்டு, கூடவே அந்த அட்டையையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். ரேலீன் எழுதிய அறிக்கை சட்டப்படி செஃபீனாவுக்கு மட்டும் உரியது. அதில் ஒரு வரியை ரேலீன் வெளியில் சொன்னால் வழக்குப் போடுவேன் என்று முந்தின நாளே அவருக்கு ப்ரோடியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. செஃபீனாவுக்கும் ஒன்று போயிருந்தது. சோற்றுக்கு நன்றி அது.

பத்தரை மணிக்கு ரேலீனின் வண்டி வந்து நின்றது.

"உள்ள விடமாட்டேன் ரேலீன்" என்றான் ப்ரோடி, சிரிப்பைக் குறைக்காமல்.

"உள்ள வரேன்னு நான் சொல்லவே இல்லையே தம்பி."

வேலிக்கு வெளியே நடைபாதை ஓரத்தில் பனி காயாத புல் இருந்தது. ரேலீன் ஒரு கையை வேலியில் ஊன்றி, கெட்ட முழங்காலை முதலில் மடக்கி, பிறகு மற்றதை மடக்கி, அத்தனை பேர் பார்க்கக் குப்புறப் படுத்தார். கன்னத்தைப் புல்லில் வைத்து, தட்டியின் இடைவெளிகளுக்குள் வீட்டுக்கு அடியில் வெளிச்சம் அடித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"எழுந்திரு ரேலீன். ஜனங்க பாக்குறாங்க."

"இது கவுன்சில் புல்லு தம்பி, உன்னோடது இல்ல."

அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒருவர் எட்டிப் பார்த்தார். தபால் சீருடையில் வந்திருந்த ஒரு பெண், கையிலிருந்த அட்டையை ஒருமுறை பார்த்தாள், கீழே கிடந்தவரை ஒருமுறை பார்த்தாள். வரிசையை விட்டு வெளியே வந்து, ரேலீன் பக்கத்தில் ஈரப்புல்லில் மண்டியிட்டாள்.

ரேலீன் தலையைத் தூக்கவில்லை. டார்ச்சை மட்டும் அவள் பக்கம் நீட்டினார்.