கும்பளங்கி என்கிற வெளிநாடு

என் அத்தை உலகம் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. அம்மா மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கீழே உட்கார்ந்தாள். அம்மா அடுப்பை அணைத்தால் விஷயம் பெரியது என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஒன்று நிச்சயமாகி நின்றுபோனது. அதற்கப்புறம் ஜாதகத்தை வெளியே எடுக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். யூதர் தெருவான ஜூ டவுனில் பழைய சாமான் விற்கிற ஒரு கடையில் வேலை பார்த்தாள். வெள்ளைக்காரர்கள் வருவார்கள், பித்தளை விளக்கையும் மரப்பெட்டியையும் தடவிப் பார்ப்பார்கள், ஒன்றும் வாங்காமல் போவார்கள். மற்ற கடைக்காரர்களுக்கு இவர்கள்மேல் கோபம். அத்தைக்கு இல்லை. முதுகில் ஒரே ஒரு பையோடு ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஊர் ஊராகப் போகிறவர்கள் மரப்பெட்டியை வாங்கி எங்கே வைப்பார்கள் என்பாள். அவர்களைப் பிடித்து உட்கார வைத்து, சாயா வாங்கிக் கொடுத்து, கேள்வி கேட்பாள். துணியை எங்கே துவைக்கிறாய்? காய்ச்சல் வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்? குளிக்கப் போகும்போது பாஸ்போர்ட்டை என்ன செய்வாய்? பதில்களை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைத்தாள். பத்து வருஷம் எழுதினாள். அது சமையல் குறிப்பு என்று அம்மா நினைத்திருந்தாள்.

எங்கள் தெருவில் வெளிநாடு போவது ஒன்றும் அதிசயமில்லை. வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ குவைத்திலோ இருந்தார். ஆனால் எல்லாரும் ஜோலிக்குப் போனவர்கள். அத்தையின் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர்கூட, "ஜோலியா, கணவர் அங்கே இருக்காரா?" என்று இரண்டு கேள்விதான் கொண்டுவந்திருந்தார். "ரெண்டும் இல்லை. பார்க்கப் போறேன்" என்று அத்தை சொன்னதும் எதை எழுதுவது என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தாராம்.

அப்பாவுக்கும் அதே கஷ்டம்தான். பஜாரில் எங்களுக்குப் பாத்திரக் கடை. நாள் முழுக்க ஆள் வந்துபோகிற இடம்.

"தங்கச்சி எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்றார்.

"பார்க்கப் போயிருக்கான்னு சொல்லு அண்ணா."

"எதைப் பார்க்க?"

"போனாத்தானே தெரியும்."

ஒரு வருஷம் போவதாகத் திட்டம். முதலில் இலங்கை. அப்புறம் தாய்லாந்து. அங்கிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் படகிலும் நாடு நாடாக. நம் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாடு வாசலில் வைத்தே விசா தரும், எந்த நாடு முன்கூட்டியே கேட்கும் என்றெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சொந்தச் சம்பளத்தில் சேர்த்த பணம். யாருடைய அனுமதியும் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் அண்ணன் மனசில்லாமல் போனால் அந்தப் பாரமும் பையில் ஏறிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டாள்.

அப்பா ரொம்ப யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். நீ இதுவரை ஒரு ராத்திரிகூடத் தனியாக இருந்ததில்லை. மூன்று ராத்திரி எங்காவது போய்த் தனியாக இருந்து காட்டு. இருந்து காட்டினால் சந்தோஷமாக அனுப்புகிறேன். பாதியில் திரும்பி வந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். அத்தை உடனே சரி என்றாள். அப்போதுதான் அப்பா கடைசி வரியைச் சொன்னார். பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாது, பையனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போ.

பையன் என்றால் நான். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் ஆண் துணை வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். துணைக்கு வருகிறவனுக்கு மூக்கு ஒழுகினாலும் பரவாயில்லை, ஆணாக இருந்தால் போதும். தனியாக இருந்து காட்டுவதற்குத் துணை எதற்கு என்று அத்தை சிரித்தாள். அப்பாவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உனக்கு வீட்டுக்கு வரணும்னு தோணினா ஒரு போன் போதும். நான் வந்துடுவேன். அத்தைக்குத் தெரிய வேண்டாம்." கடை நம்பர் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். பெரிய அதிகாரம் கைக்கு வந்தது மாதிரி இருந்தது.

நாங்கள் போனது கும்பளங்கிக்கு. மட்டாஞ்சேரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காயலும் கரையில் மரக்கம்பத்தில் தொங்கும் சீனவலையும் இறால் வளர்க்கிற வயலுமாக இருக்கிற கிராமம். அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது, அது போதும் என்றாள் அத்தை. அவள் நோட்டில் இருந்த சட்டங்களெல்லாம் எனக்கும் பொருந்தின. பையைக் கட்டியபின் பாதியை வெளியே எடுத்துவிட வேண்டும். மாட்டிக்கொள்ள ஒரு சட்டை, கொடியில் காய ஒரு சட்டை. புது ஊருக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். ஆளில்லாத கடையில் சாப்பிடக் கூடாது. முக்கியமான காகிதங்கள் மூன்று இடத்தில் இருக்க வேண்டும். ஒரு பிரதியை என் சட்டையின் உள்பக்கம் சின்ன பை தைத்து அதில் வைத்திருந்தாள்.

கடைசிச் சட்டத்தைப் பஸ்ஸில் சொன்னாள். "இந்த மூணு நாளும் நமக்கு மலையாளம் தெரியாது."

"எனக்குத் தெரியுமே அத்தை."

"தெரியாதுடா. நாம வெளிநாட்டுக்குப் போறோம். பாஷை தெரியாத ஊர்ல எப்படிச் சோறு வாங்கறது, எப்படி வழி கேக்கறதுன்னு நான் பழக வேண்டாமா?"

வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளிக்கூடத்தில் மலையாளத்தில் படித்து, மலையாளத்தில் சண்டை போட்டு வளர்ந்தவன் நான். அப்படி ஒரு விளையாட்டு அதற்குமுன் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

முதல் நாள் பிரமாதமாகப் போனது. காயல் ஓரத்தில் ஒரு சேச்சி தன் வீட்டில் ஓர் அறையை வருகிறவர்களுக்கு விட்டிருந்தாள். அத்தை கையைத் தலைக்குக் கீழே வைத்துக் காட்டி அறை கேட்டாள். சேச்சி சினிமாவில் கற்ற தமிழில் பேசினாள். "சாப்பாடு வேணுமா, நல்ல மீன் இருக்கு, பயப்பட வேண்டாம் கேட்டோ." கப்பைக் கிழங்கும் மீன்கறியும் தின்றோம். காரம் தாங்காமல் நான் "அத்தை, எரிவு" என்று மலையாளத்தில் சொல்ல வந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆனால் பாஷை தெரியாதவர்கள் முன்னால் ஜனங்கள் எதையும் பேசுவார்கள். சேச்சியும் பக்கத்து வீட்டுக்காரியும் எங்கள் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். பாவம், புருஷன் விட்டுட்டுப் போயிருப்பான். முகத்தைப் பார்த்தாலே தெரியுது. இந்த வயசில் இப்படி அலைய விதி. அத்தை தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். ஒரு முள்ளைக்கூட விடாமல் எடுத்து ஓரமாக அடுக்கினாள்.

மறுநாள் காலையிலேயே எனக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது. செய்ய ஒன்றும் இல்லை. அத்தை எங்கும் ஓடவில்லை. ஒரு இடத்துக்குப் போனால் முதல் நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம், இரண்டாம் நாளும் அப்படியேதானாம். வலை இறங்குவதையும் ஏறுவதையும் மூன்று மணி நேரம் பார்த்தாள். நான் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"பசிக்கும்போது அதை முடிவு பண்ணக் கூடாது. சோறு தின்னுட்டு சொல்லு" என்றாள். அதுவும் நோட்டில் உள்ளதுதான்.

மத்தியானச் சோற்றுக்கு முன்னால் அத்தை கிணற்றடியில் என் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் முற்றத்து மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சேச்சி அதைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் மலையாளத்தில் சொன்னாள். பையன் இவளை அத்தை என்கிறான், அம்மா இல்லை. எந்த ஊர் என்று கேட்டால் சிரிக்கிறாள். பிள்ளை மறைந்து உட்கார்ந்து அழுகிறது. யார் வீட்டுப் பிள்ளையையாவது தூக்கிக்கொண்டு வந்திருந்தால்? பஞ்சாயத்து மெம்பரைக் கூப்பிடு, அவர் போலீசுக்குச் சொல்லட்டும்.

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஓடிப்போய் அத்தையிடம் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். ஒளிக்காமல் சொல்கிறேன், நான் ஓடவில்லை. மெம்பர் வந்தால் அவரிடம் போன் இருக்கும் என்று ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. மலையாளம் தெரியாது என்கிற சட்டம் அப்போது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

மெம்பர் வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. என் முன்னால் குனிந்து, "தம்பி, இது ஆரு உனக்கு?" என்றார்.

"அத்தை."

"நீ இஷ்டப்பட்டு வந்ததா?"

"எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லி ஓவென்று அழுதேன்.

அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அத்தை ஈரக் கையோடு வந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். கோபமில்லை, ஏதோ தூரத்தில் இருக்கிறதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதன் முடிச்சை அவளால் அவிழ்க்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது, விரல்கள் அப்படி நடுங்கின. பல்லால் கடித்து அவிழ்த்தாள். பாஸ்போர்ட் பிரதி, என் பள்ளி அடையாள அட்டையின் பிரதி, அப்பா மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம். இரண்டாவது பிரதியை இடுப்பிலிருந்து எடுத்தாள். மூன்றாவதை என் சட்டைக்குள்ளிருந்து எடுக்கச் சொன்னாள். மூன்றும் ஒன்றுபோல இருந்தன.

மெம்பர் முகவரியைச் சத்தமாக வாசித்தார். "மட்டாஞ்சேரி?" என்று நிறுத்தினார். "அப்போ மலையாளம் தெரியுமோ?"

சேச்சி மெதுவாகப் படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளாகப் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது. அத்தை முதல்முறையாக மலையாளத்தில் வாயைத் திறந்தாள். மீன்கறி ரொம்ப நன்றாக இருந்தது சேச்சி, மற்றது ஒன்றும் என் காதில் விழவில்லை என்றாள். பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் சேச்சி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மெம்பர் எதற்கும் ஊர்ஜிதம் செய்யலாம் என்று கடைக்குப் போன் போட்டார். என்னிடம் போனைக் கொடுத்தார், அப்பாவின் குரல் கேட்டதும் வந்து கூட்டிக்கொண்டு போங்க என்று சொல்லிவிட்டேன்.

அப்பா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது மெம்பரும் அத்தையும் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். கொடியில் என் சட்டை தொங்கியது. அப்பா உட்காரக்கூட இல்லை.

"கிளம்பு, போலாம்."

"இன்னும் ரெண்டு ராத்திரி இருக்கு அண்ணா. இவனைக் கூட்டிட்டுப் போ. பாவம், வீட்டு நினைப்பு."

"துணைக்கு ஆளில்லாம நீ எப்படி?"

"ஆளில்லாம இருக்கத்தானே வந்தேன்."

சேச்சி தன் சினிமாத் தமிழில், "நாங்க இருக்கோமில்லே அண்ணாச்சி" என்றாள். அப்பா என்னைத் தூக்கி ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்தார். அத்தை வாசல்வரை வந்தாள். மத்தியானம் சாப்பிட்டாயா என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

பெரும்படப்புப் பாலத்தின் நடுவில் அப்பா வண்டியை நிறுத்தினார். காயலிலிருந்து காற்று பலமாக அடித்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவ பயந்தாளா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஒரு துரோகம் பண்ணியிருந்தேன், இன்னொன்றுக்குத் தைரியம் வரவில்லை. பொய்யும் வரவில்லை.

"பயந்தா. கை நடுங்கிச்சு. முடிச்ச அவிழ்க்க முடியலை."

"அப்புறம்?"

"பல்லால அவிழ்த்தா. எல்லாக் காகிதத்தையும் காட்டினா. திருப்பி வரிசையா அடுக்கி வச்சா. அப்புறம் கிணத்தடிக்குப் போயி மிச்சத்தைத் துவைச்சா."

"எதை?"

"என் சட்டையை. சோப்பு போட்டு விட்டுட்டு வந்திருந்தா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வழி முழுக்க என் தலைமேல் அவருடைய தாடை இருந்தது.

அத்தை இரண்டு நாள் கழித்து, சொன்ன பஸ்ஸில், சொன்ன நேரத்துக்கு வந்தாள். அப்பா அவளிடம் எதுவும் விசாரிக்கவில்லை. மறுநாள் கடையிலிருந்து மூடிபோட்ட ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். "பாரம் இல்லை. சோறு வாங்கிக்கலாம்" என்றார். அத்தை அதைக் கையில் எடுத்து எடை பார்த்தாள்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. அப்பாவின் கேள்விக்கு நான் சொன்னது அவ்வளவும் அத்தைக்கு எதிரான பதில். அவள் பயந்தாள், அதை நான் சொல்லிவிட்டேன். பிறகும் அப்பா அனுப்புகிறார் என்றால் பாலத்துக் காற்றில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று முடிவு செய்தேன். அத்தை புறப்படும் வரை, அப்பா அன்றைக்கு என்ன சொன்னே என்று திரும்பக் கேட்டுவிடுவாரோ என்று பின்வாசல் வழியாகவே போய்வந்தேன்.

நெடும்பாசேரி விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அத்தையின் முதுகுப் பை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. அம்மா அழுதாள். அப்பாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"நீ ஏண்டா சிரிக்கிறே?" என்றார் அப்பா.

நான் அத்தை போன கதவையே பார்த்தேன். இனி அவருக்கு உண்மை தெரிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.