வாசகர் பாடு

பழவேற்காடு கிளை நூலகத்தின் நூலகர் பொன்னுரங்கம் புத்தகங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் பேர் எடுத்தவர். பதினோரு வருஷத்தில் ஒரு தாள் கிழிந்ததில்லை. எட்டுத் தொகுதிக் கலைக்களஞ்சியம் பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி அவர் அரைஞாணில் இருந்தது. 'பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கலாம்' என்று அவரே எழுதி பீரோமேல் ஒட்டியிருந்தார். கதவு கண்ணாடி என்பதால் மக்கள் பார்ப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை.

தினமும் திருப்பாலைவனத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். பெஞ்சைத் துடைத்து, பேப்பரை மடித்து வைத்து, கையெழுத்து நோட்டில் தேதி போடுவார். அதற்குப் பிறகு அநேகமாக யாரும் வருவதில்லை. அதனால்தான் தாளும் கிழியவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தினம் முப்பது வாசகருக்குக் குறைந்தால் வருகிற மார்ச்சோடு கிளை மூடப்படும். நூலகர் பதவியும் அதோடு போகும். நாற்பத்தாறு வயதில் புத்தகத்தைப் பூட்டி வைப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத பொன்னுரங்கம், மீனவர் தலைவர் பெருமாளிடம் போய் நின்றார்.

ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பேர். பாடு வந்தவன் போகாவிட்டால் அபராதம். பாடு வராதவன் போனால் அதைவிடப் பெரிய அபராதம்.

"ஆள்தானே சார் வேணும்? பாடு போட்டுடலாம்" என்றார் பெருமாள். "தினம் முப்பது பேரு. எவன் வரலைனு மட்டும் சொல்லு, நான் பாத்துக்கறேன்."

"வந்து படிக்கணுமே, தலைவரே."

"அதெல்லாம் கேக்காத. உக்காரச் சொல்லு, உக்காருவான்."

உட்கார்ந்தார்கள். சிலர் வலையைக் கொண்டுவந்து மடியில் வைத்துப் பின்னினார்கள். "இடுப்பு போச்சு சார், துடுப்பு போடறதே தேவலை" என்றான் ஒருவன். கையெழுத்து மட்டும் தவறாமல் முப்பது விழுந்தது.

அந்த நாளில்தான் ஓலைப் பெட்டி பின்னுகிற உம்மு ஹானி வந்தார். அவர் ஓலைக்கு ஏற்றிய சிவப்புச் சாயம் கையில் ஒட்டுகிறதென்று பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. சாயத்தைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் பார்க்க வேண்டும். நூலக வாசலை அடைத்து உட்கார்ந்திருந்த மீனவன் நகரவில்லை.

"இன்னிக்கு ஏழாம் சீட்டு, அக்கா. உங்களுக்குப் பாடு இல்ல."

"எனக்கு என்னிக்கு?"

"உங்களுக்கு ஏரியிலயே கிடையாதே."

"நான் இன்னா மீன் புடிக்கவா வந்தேன்?"

பொன்னுரங்கம் காதில் எல்லாம் விழுந்தது. முப்பத்தோராவது ஆளைச் சேர்த்துப் பெருமாளைக் கோபப்படுத்த அவருக்குத் தைரியம் இல்லை. குனிந்து நோட்டைப் பார்த்தார். முப்பது சரியாக இருந்தது. உம்மு ஹானி இன்னும் நாலு தடவை வந்து திரும்பிப் போனார்.

ஜனவரியில் மேலிடத்திலிருந்து நூலக ஆய்வாளர் வந்தார். நோட்டைப் புரட்டினார். "முப்பது, முப்பது, முப்பது. புயல் அன்னிக்கும் முப்பதா?"

"பாடுன்னா பாடு சார்" என்றார் பெஞ்சில் இருந்த பெருமாள். "புயல்னு சாக்கு சொன்னா ரெட்டை அபராதம்."

ஆய்வாளர், வாசகர் கேட்ட சந்தேகங்களை எழுதும் பதிவேட்டைக் கேட்டார். அதன் முதல் பக்கமே வெள்ளையாக இருந்தது.

"இத்தனை பேர் படிச்சு ஒருத்தருக்கும் ஒரு சந்தேகம் வரலையா? சந்தேகமே இல்லாத ஊருக்கு லைப்ரரி எதுக்கு?" அவர் பேனாவை மூடினார்.

பொன்னுரங்கம் செருப்புகூடப் போடாமல் ஓடினார். உம்மு ஹானி தம் வீட்டு வாசலில் ஓலை காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம் கேக்க வந்தீங்களே. அது இன்னும் இருக்குதா?"

"தீரவே இல்லையே, சார். இன்னிக்கு எனக்குப் பாடு வந்துடுச்சா?"

"அதெல்லாம் கேக்காதீங்க. வாங்க."

பீரோ கிறீச்சிட்டுத் திறந்தது. ஒட்டிக்கிடந்த தாள்களை உம்மு ஹானியே விரல் நகத்தால் பிரித்துப் படித்தார். 'ஓலையைத் தக்க அளவு படிகாரம் கலந்த நீரில் தக்க நேரம் ஊறவைத்தால் நிறம் நிலைக்கும்.'

"தக்க அளவுன்னா எவ்வளவு சார்?"

பொன்னுரங்கம் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் கலைக்களஞ்சியத்தைப் பார்த்தார். "இது ரெண்டாவது சந்தேகம். தனியா எழுதுங்க" என்றார். போகும்போது, மார்ச்சுக்குள் நூறு சந்தேகமாவது பதிவானால் சிபாரிசு செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெருமாள் அன்று சாயங்காலமே பாடு முறையை மாற்றினார். இனி உட்கார்ந்தால் போதாது, ஆளுக்கு ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். கேட்காதவனுக்கு அபராதம். சந்தேகம் என்று ஒன்று கைவசம் இல்லாதவர்கள், இப்போது பெஞ்சின் ஓரத்தில் தினமும் உட்காரும் உம்மு ஹானியிடம் வந்தார்கள்.

"அக்கா, எனக்கு ஒரு சந்தேகம் குடு, அவசரமாப் போவணும்."

அவரிடம் நிறைய இருந்தது. குருத்தோலைக்கு எவ்வளவு படிகாரம், முற்றினதற்கு எவ்வளவு, உப்பு சேர்க்கலாமா, நிழலில் உலர்த்துவதா. பொன்னுரங்கம் தம் புத்தகங்களை வேலையில் சேர்ந்த பிறகு முதல் முறையாகப் படித்தார். அவற்றில் இல்லாததற்கு மெட்ராஸ் நூலகங்களுக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரிக் கடைசியில் ஒரு பதிலில் படிகார அளவு எடையோடு வந்தது. உம்மு ஹானியின் சிவப்பு ஓலையிலேயே நின்றது. தாள்கள் மூன்று கிழிந்தன. பொன்னுரங்கம் கோந்து வாங்கி வந்தார்.

மார்ச்சில் உத்தரவு வந்தது. பொன்னுரங்கம் அதை நின்றுகொண்டு உரக்கப் படித்தார்.

"கிளை தொடர அனுமதிக்கப்படுகிறது. பழவேற்காட்டு மீனவர்கள் ஓலைச் சாயத்தில் காட்டும் ஆர்வம் பாராட்டுக்குரியது. மீன்பிடிப்பு பற்றி அவர்கள் ஒரு சந்தேகமும் கேட்காததால், அத்துறை நூல்கள் இவ்வாண்டு அனுப்பப்படமாட்டா."

"மீனைப் பத்தி நமக்குத் தெரியாதது புஸ்தகத்துல இன்னா கீது?" என்று பெருமாள் சிரித்தார்.

பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "எனக்கு ஒண்ணு கீது, தலைவரே. இந்த வருஷம் எறா ஏன் இவ்ளோ சின்னதா கீது?"

பெருமாளின் சிரிப்பு நின்றது. "உன் பாடு வெள்ளிக்கிழமை. அன்னிக்குக் கேளு."

"சந்தேகம் இன்னிக்குத்தான் வந்துச்சு" என்றான் அவன்.

பொன்னுரங்கம் பெருமாளைப் பார்க்காமல் பேனாவைத் திறந்தார்.

"எறாதானே?" என்றார். "சொல்லு, எழுதிக்கறேன்."