இரண்டு மாடசாமிகளும் செண்பகம் அக்காவும்

செண்பகம் அக்கா காலமான செய்தி வந்தபோது, குற்றாலம் சாலையில் சாரலுக்கு ஒதுங்கி ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். போனில் தகவல் சொன்னவரிடம், "அப்போ அக்கா இன்னைக்கு லீவா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் புத்தி வேலை செய்தது.

தென்காசியில் எங்கள் சிறிய அலுவலகம் ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களைக் கணினியில் பராமரிக்கிறது. டேட்டாபேஸ் முழுக்க அக்காவின் பொறுப்பு. எதையும் அழிக்கும் முன், அதே நிபந்தனையை வைத்து, அழியப்போகும் வரிகளை எடுத்துக் காட்டும் செலக்ட் கட்டளையைப் போட்டுப் பார்ப்பார். வந்த பெயர்களைப் பக்கத்து இருக்கைக்குக் கேட்கும்படி வாசிப்பார். சாமியாடி குறி சொல்வதுபோல் இருக்கிறது என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் சட்டை செய்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் பேக்கப்பை வேறு கணினியில் ஏற்றிச் சரிபார்ப்பார். "எடுத்து வச்சா மட்டும் போதாது, திரும்ப வருதான்னு பாக்கணும்" என்பார்.

ஒருமுறை கீழப்பாவூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று இரட்டைப் பதிவுகளை நீக்கச் சொல்லிப் பெயர்களை அனுப்பியது. எஸ். மாடசாமி இருமுறை இருந்தார். ஒரே தெரு, ஒரே போன், ஒரே வயது. வாசித்துக்கொண்டே வந்த அக்கா நிறுத்திவிட்டார்.

"ஏட்டி, நம்ம பக்கம் அண்ணன் தம்பி ரெண்டு பேருமே மூத்த மவனுக்குத் தாத்தா பேரத்தான வைப்பாவ? சுப்பையா மவனும் எஸ். மாடசாமி, சுடலை மவனும் எஸ். மாடசாமின்னு இருக்கலாம்லா. போன் போட்டுக் கேளு."

கேட்டேன். இரண்டு பேர்தான். அதில் ஒருவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. நீக்கச் சொல்லியிருந்தது அவருடைய பதிவை.

மருந்து ஒவ்வாமைக் குறிப்பு ஒவ்வொன்றையும் நோயாளியோடும், அதைச் சரிபார்த்தவர் பெயரோடும் அக்கா அன்றைக்கே பிணைத்தார். குறிப்பு இருக்கும்வரை அந்த நோயாளியின் பதிவையோ சரிபார்த்தவர் பெயரையோ யாராலும் அழிக்க முடியாது. மாடசாமியின் குறிப்பில் தன் பெயரைப் போட்டார்.

அக்கா இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு மேலாளர் அக்காவின் பெயரை டேட்டாபேஸிலிருந்து எடுக்கச் சொன்னார். முதலில் செலக்ட் போட்டேன். ஒரே வரி. வாசித்தேன், யாரும் கேலி செய்யவில்லை. பிறகு அழிக்கக் கட்டளை கொடுத்தேன். இந்தப் பெயரை நம்பிப் பதிவுகள் இருக்கின்றன என்று சொல்லி டேட்டாபேஸ் மறுத்துவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பெயரை விட்டுவிட்டு, அக்காவின் லாகினை மட்டும் நிறுத்தினேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வாசிக்கும் பழக்கம். இப்போது பக்கத்து இருக்கைப் பெண்ணும் வாசிக்கிறாள்.

போன வாரம் பென்சிலின் ஒத்துக்கொள்ளாத அந்த மாடசாமி காய்ச்சலுக்காக அதே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். டாக்டர் குறிப்பைப் பார்த்து வேறு மருந்து கொடுக்க, குணமாகி வீடு திரும்பியிருக்கிறார். அந்தக் குறிப்பின் அடியில் இன்றும் இருப்பது செண்பகம் அக்காவின் பெயர்.